உங்க டென்டிஸ்ட் கடைசியா எப்போ படிச்சார்? - சேரில் சாயும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

பெருங்குடி பக்கம் ஐ.டி கம்பெனியில் வேலை. லன்ச் முடிச்சு சீட்டுக்கு வந்தா, கடைவாய்ப்பல் விண்ணு விண்ணுனு தெறிக்குது. உடனே என்ன செய்வீங்க? போனை எடுத்து, பக்கத்தில் எந்த டென்டல் கிளினிக் இருக்குனு தேடுவீங்க. எத்தனை ஸ்டார், எத்தனை ரிவ்யூ, ஸ்கேலிங்குக்கு ஆஃபர் இருக்கா... அவ்வளவுதான், அப்பாயின்ட்மென்ட் போட்டாச்சு.

கிளினிக்குக்குள் போனா, சுவரில் டாக்டரோட பி.டி.எஸ் பட்டம் பிரேம் போட்டு மாட்டியிருக்கும். அதில் ஒரு வருஷம் அச்சாகியிருக்கும். அந்த வருஷத்துக்கும் இன்றைக்கும் நடுவில் டாக்டர் புதுசா என்ன கத்துக்கிட்டார்? அவர் பக்கத்தில் நின்று கருவிகளை எடுத்துக் கொடுக்கும் அக்காவுக்கு யார், என்ன சொல்லிக் கொடுத்தாங்க? எந்த ரிவ்யூவிலும் இது இருக்காது. ஆனா, உங்க உயிரோடு சம்பந்தப்பட்ட கேள்வி இது. மிகைப்படுத்திச் சொல்லலை. நம்ம தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கு.

வாணியம்பாடியில் என்ன நடந்தது?

2022 ஜூலையில் தொடங்கி ஒரு வருஷத்துக்குள், வட தமிழகத்தில் 21 பேருக்கு நியூரோமெலியாய்டோசிஸ் என்ற அபூர்வமான நோய் வந்தது. மண்ணிலும் நீரிலும் வாழும் ஒரு பாக்டீரியா, மூளையையும் நரம்பு மண்டலத்தையும் தாக்கும் நோய் இது. வேலூர் சி.எம்.சி மருத்துவமனை, சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், தமிழக பொது சுகாதாரத் துறை ஆகியவை சேர்ந்து விசாரிச்சப்போ, 21 பேரில் 10 பேர் வாணியம்பாடியில் இருந்த ஒரே பல் கிளினிக்கோடு தொடர்புடையவங்கனு தெரிஞ்சது. அந்த 10 பேரில் 8 பேர் இறந்துட்டாங்க. இந்த ஆய்வு 2025-ல் லான்செட் குழுமத்தின் தென்கிழக்கு ஆசிய மருத்துவ இதழில் வெளியானது.

காரணம் என்ன தெரியுமா? ஒரு சலைன் பாட்டில். ஈறை எலும்பிலிருந்து விலக்கப் பயன்படும் கருவியை, கிருமி நீக்காமலேயே எடுத்து பாட்டிலைத் திறந்திருக்காங்க. மீதி சலைனை வீணாக்க வேண்டாம்னு லேசா மூடி வெச்சு, அடுத்தடுத்த நோயாளிகளுக்கும் அதையே பயன்படுத்தியிருக்காங்க. திறந்திருந்த பாட்டிலில் அந்தக் கிருமி இருந்ததை ஆய்வுக்கூடம் உறுதி செஞ்சது.

இதில் கடினமான ஆபரேஷனோ, பழுதான மெஷினோ எதுவும் இல்லை. தப்பு நடந்தது, பாட்டிலை எப்படித் திறக்கணும், மிச்சத்தை என்ன செய்யணும் என்ற அடிப்படைப் பழக்கத்தில்தான்.

பட்டத்துக்குப் பிறகும் படிப்பு

பி.டி.எஸ் படிப்பு, ஒரு வருஷ இன்டர்ன்ஷிப்பையும் சேர்த்து ஐந்து வருஷம். அதுக்கப்புறம் 30, 40 வருஷம் பிராக்டீஸ் செய்யப்போறவங்க தொடர்ந்து கத்துக்கிட்டே இருக்கணும்னு டென்டல் கவுன்சில் ஆஃப் இந்தியா விதிமுறை வகுத்தது. இதுக்குப் பேர் தொடர் பல் மருத்துவக் கல்வி. டாக்டர்கள் பேச்சில் சி.டி.இ. அங்கீகாரம் பெற்ற வகுப்புகள், கருத்தரங்குகளில் கலந்துகிட்டா கிரெடிட் பாயின்ட் கிடைக்கும். பல் மருத்துவக் கல்லூரிகளும் இந்திய பல் மருத்துவ சங்கத்தின் கிளைகளும் இவற்றை நடத்தறாங்க.

ஆனா, எதைக் கத்துக்கறாங்க என்பதும் முக்கியம். இம்ப்ளான்ட், அலைனர் கத்துக்கிட்டா கிளினிக்கின் வருமானம் கூடும். தொற்றுத் தடுப்பு வகுப்புக்குப் போயிட்டு வந்தா பில்லில் ஒரு ரூபாய்கூட ஏறாது. வாணியம்பாடியில் தேவைப்பட்டது அந்த இரண்டாவது வகுப்புதான்.

பாடமும் மாறிக்கிட்டே இருக்கு

பல் வலின்னாலே ஆன்டிபயாட்டிக்னு பழகிட்டோம் இல்லையா? மெடிக்கல் ஷாப்பில் நாமே கேட்டு வாங்கறதும் உண்டு. ஆனா, அமெரிக்க பல் மருத்துவ சங்கம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் வேற மாதிரி சொல்லுது. மற்றபடி ஆரோக்கியமா இருக்கிற பெரியவங்களுக்கு வரும் பெரும்பாலான பல் வலிக்கு ஆன்டிபயாட்டிக் தேவையில்லை. ரூட் கெனால் போன்ற நேரடி சிகிச்சையும், தேவைப்பட்டால் வலி மாத்திரையும் போதும். அதேநேரம் காய்ச்சல், முகத்தில் பரவும் வீக்கம், விழுங்கவோ வாயைத் திறக்கவோ சிரமம் இருந்தா தாமதிக்காம டாக்டரைப் பாருங்க.

பல் எக்ஸ்ரே எடுக்கும்போது போடும் ஈய ஏப்ரனும், கழுத்தில் மாட்டும் தைராய்டு காலரும் இனி தேவையில்லைனு அதே சங்கம் 2024-ல் சொன்னது. கதிரைத் தேவையான இடத்தில் மட்டும் பாய்ச்சும் அளவுக்கு மெஷின்கள் முன்னேறிடுச்சு என்பது ஒரு காரணம். ஏப்ரன் குறுக்கே வந்து படம் கெட்டா, மறுபடி எக்ஸ்ரே எடுக்க வேண்டியிருக்கும் என்பது இன்னொன்று. உங்க டாக்டர் ஏப்ரன் கொடுத்தா சண்டை போட வேண்டாம். ஆனா, இப்படி ஒரு மாற்றம் வந்தது அவருக்குத் தெரிஞ்சிருக்கணும்.

உதவியாளருக்கு யார் பாடம் எடுப்பது?

நம் நாட்டின் 1948 பல் மருத்துவர் சட்டம், பல் மருத்துவர், டென்டல் ஹைஜீனிஸ்ட், டென்டல் மெக்கானிக் என்று மூன்று பேருக்குத்தான் பதிவேடு வெச்சது. கருவிகளைக் கழுவி, பேக் செய்து, ஆட்டோகிளேவில் வைக்கும் உதவியாளர் அந்தப் பதிவேட்டில் இல்லை. பல கிளினிக்குகளில் அவங்க வேலையில் சேர்ந்த பிறகு பார்த்துப் பார்த்துக் கத்துக்கிட்டவங்கதான். முதலில் சொல்லிக் கொடுத்தவர் தப்பா சொல்லியிருந்தா, அந்தத் தப்பே பழக்கமாகிடும்.

பிரிட்டனைப் பாருங்க. அங்கே பல் மருத்துவர் ஐந்து வருஷத்தில் குறைந்தது 100 மணி நேரம் படிச்சதுக்குச் சான்று காட்டணும். சேர் பக்கத்தில் நிற்கும் டென்டல் நர்ஸும் 50 மணி நேரம் காட்டணும். காட்டலைன்னா பதிவே பறிபோகலாம். கிருமி நீக்கத்துக்கு மட்டும் ஐந்து மணி நேரமாவது ஒதுக்கச் சொல்லி அங்குள்ள ஜெனரல் டென்டல் கவுன்சில் பரிந்துரைக்குது.

நீங்க என்ன கேட்கலாம்?

* பதிவு எண்: மாநில டென்டல் கவுன்சிலில் பதிவு செய்த எண்ணை கிளினிக்கிலும் மருந்துச் சீட்டிலும் போடணும் என்பது விதி. இருக்கானு பாருங்க.

* கருவி பேக்கெட்: சீல் செய்த பையை உங்க கண் முன்னாடி பிரிக்கறாங்களா? கொதிநீரில் போட்டு எடுப்பது ஸ்டெரிலைசேஷன் ஆகாது. 121 டிகிரி நீராவியில், அழுத்தத்தில், குறைந்தது 15 நிமிஷம் இருக்கணும்.

* ஆட்டோகிளேவ் சோதனை: பையின் மேல் நிறம் மாறும் டேப், சூடு பட்டதை மட்டும்தான் சொல்லும். கிருமி செத்ததா என்று சொல்வது ஸ்போர் டெஸ்ட். வாரம் ஒருமுறை செய்யறாங்களானு கேளுங்க.

* சலைன்: பல் எடுக்கறது, ஈறு ஆபரேஷன் என்றால், 'எனக்குப் புது பாட்டில்தானே?' என்று தயங்காமல் கேளுங்க.

* பயிற்சி: 'உங்க ஸ்டாஃப் கடைசியா எப்போ ட்ரெய்னிங் போனாங்க டாக்டர்?' சிரிச்சுக்கிட்டே கேட்டா போதும்.

நல்ல டாக்டர் இதுக்குக் கோபப்பட மாட்டார். ஆட்டோகிளேவ் இருக்கும் அறையையே கூட்டிட்டுப் போய்க் காட்டுவார். 'அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?'னு பதில் வந்தா, எழுந்து வெளியே வரத் தயங்காதீங்க. உங்க ஏரியாவில் கிளினிக் இன்னொன்று கிடைக்கும்.

அடுத்த முறை ரிவ்யூ எழுதும்போது, ஏசி நல்லா இருந்தது, வலிக்கவே இல்லை என்பதோடு, 'பேக்கெட்டை என் கண் முன்னாடி பிரிச்சாங்க' என்ற ஒரு வரியையும் சேர்த்துடுங்க. உங்களுக்குப் பிறகு அதே சேரில் சாயப்போறவருக்கு உதவும்.