ரிங் ரேசர்ஸ்: டூம் எஞ்சினில் ஓடும் கார்ட்

சின்ன வண்டி, கார்ட்டூன் முகங்கள், வழியில் கிடைக்கும் ஆயுதத்தை எடுத்து முன்னால் போகிறவரைச் சுழல விடுவது. கார்ட் ரேஸிங் கேம் என்றால் இவ்வளவுதான். 1992-இல் நிண்டெண்டோ வெளியிட்ட 'சூப்பர் மரியோ கார்ட்' இந்த வகைக்கு அச்சு வார்த்துக் கொடுத்தது. ரெட்ரோ பாணி என்று சிறு குழுக்கள் இன்று செய்யும் கார்ட் கேம்களில் பல அதன் சாயலைத்தான் தேடுகின்றன.

அந்தச் சாயல் எப்படி வந்தது என்பது சுவாரசியமானது. அந்தக் கேம் ஓடிய சூப்பர் நிண்டெண்டோ கன்சோலுக்கு முப்பரிமாணம் வரையும் வலு கிடையாது. அதில் இருந்தது 'மோட் 7' என்ற வசதி. நீளம், அகலம் இரண்டும் 1024 பிக்சல் உள்ள ஒரே ஒரு தட்டைப் படத்தைச் சுழற்றலாம், பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம். டிவி திரையில் படம் மேலிருந்து கீழாக வரி வரியாக விழும். ஒவ்வொரு வரிக்கும் அளவை மாற்றிக்கொண்டே வந்தார்கள்: மேல் வரிகளில் சிறிதாக, கீழ் வரிகளில் பெரிதாக. விரித்த ஜமுக்காளம் போலத் தரை தொலைவு வரை நீண்டு தெரிந்தது. கணக்குப் போடக் கேட்ரிட்ஜுக்குள்ளேயே டிஎஸ்பி-1 என்ற கூடுதல் சிப்பையும் வைத்தார்கள். ஆனால் தட்டைப் படம் தட்டைப் படம்தான். அதனால்தான் அந்த டிராக்குகளில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை.

கார்ட் க்ரூ என்ற ரசிகர் குழு 2024 ஏப்ரலில் வெளியிட்ட 'டாக்டர் ரோபாட்னிக்ஸ் ரிங் ரேசர்ஸ்' பழமையை வேறு இடத்திலிருந்து எடுத்துக்கொண்டது. 1993-இல் வந்த துப்பாக்கிச் சண்டை கேம் 'டூம்'. அதன் மூல நிரலை ஐடி சாஃப்ட்வேர் 1997-இல் பொதுவில் விட்டது. ரசிகர்கள் அதை வளர்த்து 'டூம் லெகசி' ஆக்கினார்கள். அதன்மேல், சோனிக் என்ற கேம் பாத்திரத்தை வைத்து 'சோனிக் ரோபோ பிளாஸ்ட் 2' (சுருக்கமாக எஸ்ஆர்பி2) எழுந்தது. அதிலிருந்து 2018-இல் 'எஸ்ஆர்பி2 கார்ட்', அதன் வாரிசாக ரிங் ரேசர்ஸ்.

டூம் எஞ்சினில் சுவர், படி, உயரம் எல்லாம் உண்டு. ஆகவே இங்கே டிராக் ஏறும், இறங்கும், வண்டி பறக்கும். ஓட்டுபவர்கள் மட்டும் இன்னும் தட்டைப் படங்களே. டூம் தன் அரக்கர்களை எட்டுத் திசைகளில் வரைந்து வைத்து, பார்க்கும் கோணத்துக்கு ஏற்பப் படத்தை மாற்றும். அதே வேலைதான் இங்கும். பக்கத்து வண்டி வளைவில் திரும்பும்போது உற்றுப் பாருங்கள்: வழுக்கித் திரும்பாது, ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குத் தாவும். புது கேமுக்குப் பூசிய பழைய சாயம் அல்ல இது, எலும்பே பழசு.

ஓட்டத்தில் டிரிஃப்ட்தான் உயிர். வளைவில் சறுக்கியபடியே பட்டனைப் பிடித்திருந்து, பிறகு விட்டால் வண்டி குபீரென்று பாயும். வழியில் பொறுக்கும் வளையங்களை ஒவ்வொன்றாகச் செலவழித்தும் வேகம் ஏற்றலாம். சேர்த்து வைப்பதா, கரைப்பதா என்பது ஓடும்போதே எடுக்க வேண்டிய முடிவு.

குறை இல்லாமல் இல்லை. வெளிவந்த புதிதில் நீண்ட பயிற்சிப் பகுதியை முடித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. ரசிகர்கள் கொதித்தார்கள், பிறகு கார்ட் க்ரூ அதைத் தாண்டிப் போக வழி விட்டது. என்னைக் கேட்டால் விதிகளே கொஞ்சம் அதிகம்.

சோனிக் பாத்திரங்கள் சேகாவின் சொத்து. இத்தகைய ரசிகர் கேம்களை அந்நிறுவனம் பெரும்பாலும் கண்டும் காணாமல் விடுகிறது. எஸ்ஆர்பி2 கார்ட், ரிங் ரேசர்ஸ் இரண்டும் விற்பனைக்கு இல்லை, இலவசம். வீட்டில் நான்கு பேர் ஒரே திரையைப் பங்கு போட்டு ஆடுவதென்றால் எஸ்ஆர்பி2 கார்ட்டில் தொடங்குங்கள். அது கைக்குப் பழகி, இன்னும் கடினமாக வேண்டும் என்று தோன்றினால் ரிங் ரேசர்ஸுக்கு வாருங்கள்.