விபத்து நடந்த நாளிலேயே பிறக்கும் கடன்

திரையரங்கு ஒன்றில் அலங்கார மரவேலை பார்த்துக்கொண்டிருந்த தச்சர், 1968 ஜூலை 6 அன்று கீழே விழுந்தார். இடது கையை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. உரிமையாளர் பணம் தரவில்லை. தச்சர் தற்காலிக ஒப்பந்தக்காரர்தான், விழுந்ததும் அவருடைய கவனக்குறைவால் என்றார். இழப்பீட்டு ஆணையர் அதை ஏற்கவில்லை. இழப்பீடு 9,800 ரூபாய், அதில் பாதி அபராதம், 6 சதவீத வட்டி என மொத்தம் 15,092 ரூபாய் கட்டச் சொன்னார்.

‘ஆணையர் உத்தரவிட்ட பிறகுதானே நான் பணம் தர வேண்டும்? அதற்கு முந்தைய நாட்களுக்கு ஏன் வட்டி?’ என்று உரிமையாளர் உச்ச நீதிமன்றம் வரை போனார். அடிபட்ட அன்றே பணம் தரும் கடமை வந்துவிட்டது என்று நான்கு நீதிபதிகள் அமர்வு 1975 டிசம்பரில் தீர்ப்பளித்தது. பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கு என்று வழக்கறிஞர்கள் இன்றும் எடுத்துக்காட்டுவது இதைத்தான். 2007இல் வந்த ஒரு தீர்ப்பு, உத்தரவு நாளிலிருந்து வட்டி என்று குழப்பியது. நால்வர் அமர்வு சொன்னதே செல்லும் என்று 2012இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923இன் 4ஏ பிரிவு சொன்னது இது: ஒரு மாதத்துக்குள் பணம் தராவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. தாமதத்துக்கு நியாயமான காரணம் இல்லையென்றால், இழப்பீட்டில் பாதி வரை அபராதம். தொகையில் தகராறு இருந்தாலும், முதலாளி தான் ஒப்புக்கொள்ளும் அளவையாவது உடனே செலுத்த வேண்டும். முன்பு அபராதம் மாநில அரசுக்குப் போனது. 2000ஆம் ஆண்டுத் திருத்தம்தான் அதைத் தொழிலாளியின் குடும்பத்துக்குத் திருப்பியது. அது சரியான திருத்தம். காத்திருந்து கடன்பட்டது அந்தக் குடும்பம்தானே.

2021இல் 30 வயதுத் தொழிலாளி ஒருவர் வேலையில் இறந்தார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது சட்டம் கணக்கில் எடுத்த உச்சக் கூலி மாதம் 15,000 ரூபாய். அதில் பாதியை அவர் வயதுக்குரிய 207.98 என்ற காரணியால் பெருக்கினால் 15,59,850 ரூபாய். இதற்கு 12 சதவீத வட்டி மாதத்துக்கு ஏறத்தாழ 15,600 ரூபாய். அதாவது, சட்டம் கணக்கிடும் அவருடைய மாதக் கூலியைவிட அதிகம். வழக்கு நான்கு ஆண்டு இழுத்தால் வட்டி மட்டும் 7,48,728 ரூபாய். முழு அபராதமும் விதித்தால் மேலும் 7,79,925 ரூபாய்.

காப்பீடு எடுத்திருக்கிறோம், கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று முதலாளிகள் சொல்வார்கள். இழப்பீட்டையும், பாலிசியில் விலக்கு இல்லையென்றால் வட்டியையும் காப்பீட்டு நிறுவனம் தரும். அபராதம் முதலாளியின் சொந்தத் தவறுக்கானது, அவர் பையிலிருந்தே போக வேண்டும் என்று 1997இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

எனக்கு அதிகம் கவலை தருவது, லேபர் ஆபீஸ் பக்கமே வராமல் முடிந்துபோகும் மரணங்கள். காரியம் முடிவதற்குள் காண்ட்ராக்டர் ஒரு தொகையைக் கையில் கொடுத்து வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிவிடுகிறார். அந்தக் கையெழுத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. மரண இழப்பீட்டை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் அந்த அதிகாரம் தொழிலாளர் துணை ஆணையர் போன்றோரிடம் இருந்துவந்தது. நேரில் கொடுத்ததில் மூன்று மாதக் கூலி அளவிலான முன்பணத்தை மட்டுமே கழித்துக்கொள்ளலாம்.

1923ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துள்ளது. ஒரு மாதக் கெடுவும் பாதி வரையான அபராதமும் அதிலும் உண்டு. வட்டி விகிதத்தை மட்டும் மத்திய அரசின் விதிகளுக்கு விட்டிருக்கிறார்கள். அதற்கு முன் நடந்த விபத்துகளுக்குப் பழைய சட்டத்தின் கணக்கே பொருந்தும்.

மனு போடும்போதே வட்டியையும் அபராதத்தையும் தனித்தனியாகக் கேட்டு எழுதுங்கள். அபராதம் விதிக்குமுன் முதலாளிக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அனுப்பினார்களா என்று விசாரியுங்கள். முதலாளி மேல்முறையீட்டுக்குப் போனால், இழப்பீட்டுத் தொகையை முதலில் ஆணையரிடம் கட்டி, அதற்கான சான்றிதழோடுதான் உயர் நீதிமன்றப் படியேற முடியும்.