காதால் காணும் பந்தயம்

பந்தயத்தைக் காண்பதற்குக் கண்தான் வேண்டும் என்று பலர் கருதுகின்றனர். வானொலி வந்த நாள் முதல் அக்கருத்துக்கு வலு குறைந்துவிட்டது. 1927-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 15-ஆம் நாள், லண்டனுக்கு அருகிலுள்ள ட்விக்கனம் மைதானத்தில் இங்கிலாந்தும் வேல்ஸும் ரக்பி ஆடின. அந்த ஆட்டத்தை பி.பி.சி. நிலையம் களத்திலிருந்தே நேர்முகமாக வருணித்தது. ஆடுகளத்தைச் சதுரங்களாகப் பிரித்து, எண்ணிட்டு வரைந்த படமொன்று முன்னதாகவே பத்திரிகையில் அச்சாகியிருந்தது. அதை முன்னால் விரித்து வைத்துக்கொண்டு, பந்து எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று குரல் சொல்லச் சொல்ல, நேயர்கள் விரலால் தொடர்ந்து சென்றனர். கண் செய்யும் வேலையைக் காது செய்யத் தொடங்கியது அப்படித்தான்.

நம் பக்கத்திலும் இவ்வழக்கம் புதியதன்று. சேப்பாக்கத்தில் நடந்த கிரிக்கெட் ஆட்டங்களின் தமிழ் வருணனையைச் சென்னை வானொலியில் கேட்டு வளர்ந்த தலைமுறைகள் உண்டு. 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் சென்னை இராஜ்யத்துக்கும் ஆந்திரத்துக்கும் இடையே எல்லை திருத்தப்பட்டது. திருத்தணி இப்பக்கம் வந்தது. சித்தூரும் திருப்பதியும் அப்பக்கம் நின்றன. நிலத்தில் கோடு விழுந்ததேயன்றி வானத்தில் விழவில்லை. நகரியிலும் புத்தூரிலும் சித்தூரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குச் சென்னையின் குரல் தங்குதடையின்றிச் சென்றது. 720 கிலோஹெர்ட்ஸில் எழும் அந்த மத்திய அலையின் நீளம் சுமார் 417 மீட்டர். அவ்வளவு நீண்ட அலை நிலத்தைத் தழுவிக்கொண்டு நெடுந்தொலைவு செல்லும். சிறு குன்றுகள் அதற்குப் பெருந்தடையாவதில்லை.

இன்று அதே சித்தூரில் ஒருவர் கையில் செல்பேசியை வைத்துக்கொண்டு, சென்னையை மட்டுமன்றி உலகின் எந்த மூலையில் நடக்கும் பந்தயத்தையும் நேரே கேட்கலாம். அது எவ்வாறு இயலுகிறது, அதில் நாம் பெற்றது எது, இழந்தது எது என்பதைச் சற்று ஆராய்வோம்.

எடுத்துக்காட்டாக, அமெரிக்காவில் பெருவழக்காக உள்ள மண் தடப் பந்தயத்தைக் கொள்வோம். தார் போட்ட சாலையில் அன்று, களிமண்ணை இறுக்கி அமைத்த நீள்வட்டப் பாதையில் கார்கள் ஓடுகின்றன. அயோவா மாகாணத்தில் நாக்ஸ்வில் என்னும் சிற்றூரில் உள்ள தடம் அரை மைல், அதாவது சுமார் 800 மீட்டர் சுற்றளவு கொண்டது. 1961 முதல் ஆகஸ்டு மாதந்தோறும் அங்கே பெரும் போட்டி நடந்துவருகிறது. ஓடும் வண்டிகள் எடை குறைந்தவை. சுமார் 900 குதிரைச் சக்தி உடைய எஞ்சின்கள் மெதனால் என்னும் சாராய வகையை எரித்து உறுமுகின்றன. வளைவில் வண்டி நேரே திரும்புவதில்லை. பின் சக்கரங்கள் சறுக்க, பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே திரும்புகிறது. பந்தயத்துக்கு முன் மண்ணுக்கு நீர் தெளிக்கிறார்கள். நேரம் செல்லச் செல்ல உட்புறம் காய்ந்து வழவழப்பாகிறது. சிதறிய மண் வெளி ஓரத்தில் வரம்பு போல் குவிகிறது. மாலையில் நல்ல வழியாக இருந்தது இரவில் கெட்ட வழியாகிவிடும். ஆகவே வேகம் மட்டும் வெற்றி தராது. மண்ணின் மனத்தை அறிந்தவனே வெல்வான். உழவர் பெருமக்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமோ?

இத்தகைய ஊர்ப் பந்தயங்களுக்கு முன்னாளில் பெரிய வானொலி நிலையங்களில் இடம் கிடைப்பது அரிது. அலைவரிசைகள் சில, நிகழ்ச்சிகளோ பல. இணையம் அக்கதவைத் திறந்தது. 1995-ஆம் ஆண்டு ஏப்ரலில் 'ரியல் ஆடியோ' என்னும் முறை வெளிவந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் சியாட்டில், நியூயார்க் அணிகள் ஆடிய பேஸ்பால் ஆட்டத்தின் வருணனை இணையம் வழியே நேரடியாக அனுப்பப்பட்டது. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு வழங்கப்பட்டதும் அதே ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள்தான். அதன் பின் சிறு ஊர்களின் தடங்களும் தத்தம் வருணனையாளர் குரலை உலகுக்கு அனுப்பத் தொடங்கின. அயோவாவில் சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குப் பந்தயம் தொடங்கினால், ஆகஸ்டு மாதத்தில் திருப்பதியில் அது ஞாயிறு காலை ஆறரை மணி. அங்கே இரவு விளக்கொளியில் பறக்கும் மண்ணை, இங்கே காலைக் காப்பியோடு கேட்கலாம்.

குரல் செல்லும் வழியைப் பார்ப்போம். வருணனையாளரின் முன்னால் உள்ள ஒலிவாங்கி அவர் குரலை மின் அலையாக மாற்றுகிறது. கணிப்பொறி அவ்வலையை ஒரு நொடிக்கு 48,000 முறை அளந்து எண்களாக்குகிறது. அவ்வளவு எண்களையும் அப்படியே அனுப்புவது வீண் சுமை. ஆதலால், மனிதக் காதுக்கு எட்டாத நுண்ணொலிகளை நீக்கி, எஞ்சியதைச் சுருக்குகிறார்கள். சுருக்கிய எண்கள் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டப்படுகின்றன. பொட்டலந்தோறும் சேருமிடத்தின் முகவரி உண்டு. கடலடிக் கம்பி வழியாகவும் நிலத்தடிக் கம்பி வழியாகவும் அவை விரைந்து வந்து, இறுதியில் செல்பேசிக் கோபுரத்திலிருந்து நம் கைக்கு எட்டுகின்றன. வழியில் ஒரு பொட்டலம் தாமதித்தால் பேச்சு அறுபடும் அன்றோ? அதைத் தவிர்க்கவே செல்பேசி சில நொடிகளுக்கான ஒலியை முன்னதாகச் சேமித்து வைத்துக்கொண்டு, பிறகே ஒலிக்கத் தொடங்குகிறது. குதிரில் நெல் சேர்த்துவைத்து உண்பது போன்றது இது.

அச்சேமிப்புக்கு நாம் கொடுக்கும் விலை காலம். வானொலி அலை ஒரு நொடியில் மூன்று லட்சம் கிலோமீட்டர் செல்லும். சென்னையிலிருந்து திருப்பதிக்கு அது வந்து சேர நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது. காற்றில் செல்லும் ஒலியோ நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் நகரும். ஆகவே, களத்தின் நடுவே மட்டை பந்தைத் தொடும் ஓசை நூறு மீட்டர் தொலைவில் அமர்ந்த பார்வையாளரின் காதை அடையுமுன்பே, பழைய முறையில் நேரே அலையேறிய அதே ஓசை திருப்பதியில் ஒலித்துவிடும். இணையம் வழியே வரும் ஒலி பத்து நொடி முதல் அரை நிமிஷம் வரையிலும், சில வேளை அதற்கு மேலும் பிந்துகிறது. நாக்ஸ்வில் தடத்தில் ஒரு சுற்றுக்குச் சுமார் பதினைந்து, பதினாறு நொடிகளே ஆகும். நாம் 'இவர் முந்துகிறார்' என்று கேட்டு மகிழும்போது, அங்கே அவர் இரண்டு சுற்று ஓடியிருப்பார், பின்தங்கியும் இருக்கலாம். நேரடி என்னும் சொல்லை இந்த அளவறிந்தே கொள்ளவேண்டும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. வானொலிக் கோபுரம் விளக்கைப் போன்றது. அதன் ஒளியில் ஒருவர் படித்தாலும் ஆயிரவர் படித்தாலும் எண்ணெய்ச் செலவு ஒன்றே. இணையமோ அஞ்சல்காரரைப் போன்றது. ஒவ்வொரு நேயருக்கும் தனித்தனிப் பிரதி கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். நொடிக்கு 64 கிலோபிட் அளவில் ஒலியை அனுப்பினால், ஒரு மணி நேரத்துக்கு ஒருவருக்குச் சுமார் 29 மெகாபைட் செலவாகும். ஆயிரம் பேர் கேட்டால் ஆயிரம் மடங்கு. ஆயினும் படத்தோடு ஒப்பிட்டால் இது சிறுதொகையே. நொடிக்கு ஒரு மெகாபிட் அளவில் படம் பார்த்தால் ஒரு மணிக்கு 450 மெகாபைட் தீர்ந்துவிடும். இணைப்பு நலிந்த மலையடிவார ஊர்களில் படம் நின்று நின்று வரும். ஒலி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். கூட்டம் மிகுந்த திருவிழா நாளில் செல்பேசிக் கோபுரம் திணறும்போது ஒலியும் அறுந்துபோகக் கூடும். அந்நேரத்தில் பழைய டிரான்ஸிஸ்டர் பெட்டியின் அருமை விளங்கும். புதியது வந்ததென்று பழையதைப் பரணில் போட்டுவிடலாகாது என்பதற்கு இதுவே காரணம்.

இனி நம் ஊர் மண்ணுக்கு வருவோம். மண் தடப் பந்தயம் நமக்கு அயலானதன்று. எஞ்சினுக்குப் பதில் இங்கே காளை. சித்தூருக்குத் தெற்கே வேலூர், திருப்பத்தூர் வட்டாரங்களில் தை மாதத்தில் எருது விடும் விழா நடக்கிறது. தடுப்புகளுக்கு இடையே அமைந்த மண் வீதியில் காளைகள் ஒவ்வொன்றாக விடப்படுகின்றன. குறித்த தூரத்தைக் குறைந்த நொடியில் கடந்த காளைக்குப் பரிசு. திருப்பதிக்கு அருகே சந்திரகிரி வட்டத்தில் உள்ள ரங்கம்பேட்டையில் சங்கராந்தியை ஒட்டி நடக்கும் விழா வேறு வகை. அங்கே கொம்புகளில் கட்டிய பலகைகளை இளைஞர்கள் பற்ற முயல்கின்றனர்.

எருது விடும் விழாவில் ஒலிபெருக்கியின் முன் நிற்பவர் காளையின் பெயரையும் ஊரையும் ஓடிய நொடியையும் அறிவிக்கிறார். அவரே அவ்வூரின் வருணனையாளர். அவர் குரல் ஒலிபெருக்கி எட்டும் தொலைவோடு நின்றுவிடுகிறது. ஒரு செல்பேசியும் ஒரு நல்ல ஒலிவாங்கியும் இருந்தால் அதை உலகெங்கும் அனுப்பலாம். வேலை தேடிப் பெங்களூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்றவர்கள், தம் ஊர்க் காளையின் பெயரை அக்குரலில் கேட்கலாம். பார்வையற்றோருக்கு இது மற்றெல்லோருக்கும் சமமான இருக்கை தருகிறது. ஒலி மட்டுமே வரும் இடத்தில் கண்ணுடையவருக்குத் தனி உரிமை ஏதும் இல்லையல்லவா?

இதில் உயிர் சம்பந்தமான பயனும் உண்டு. இவ்விழாக்களில் மாடு பிடிப்பவர் மட்டுமன்றி, வேடிக்கை பார்க்கத் தடுப்போரம் நின்றவர்களும் முட்டுண்டு மாண்டிருக்கிறார்கள். 2014-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. 2017-இல் தமிழ்நாடு தனிச் சட்டம் இயற்றியது. 2023-ஆம் ஆண்டு மே 18-ஆம் நாள் நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றது. சட்டம் விழாவுக்கு வழிவிட்டதே தவிர, காளையின் கொம்பை மழுக்கிவிடவில்லை. முதியோரும் சிறுவரும் வீட்டுத் திண்ணையிலிருந்தே பந்தயத்தை நிறைவாகக் கேட்க முடியுமானால், தடுப்போரத்தில் நெருக்கம் குறையும். நெருக்கம் குறைந்தால் ஆபத்தும் குறையும்.

ஆனால், குரல் தொலைவு செல்லச் செல்லப் பொறுப்பும் வளர்கிறது. காளை ஒருவனை வீழ்த்தியது, அல்லது கார் ஒன்று கவிழ்ந்தது என்று வைத்துக்கொள்வோம். களத்தில் இருப்பவர்கள் அவன் எழுந்து நடப்பதைத் தாமே காண்பார்கள். தொலைவில் கேட்கும் தாய்க்கு அந்த ஒரு குரலைத் தவிர வேறு சாட்சி இல்லை. அவ்வேளையில் வருணனையாளர் பதறிக் கூவினால் அந்த வீட்டில் அழுகை எழும். காணாததைக் கண்டதாகச் சொன்னால் அது பொய்யாக மட்டும் முடியாது, கொடுமையாகவும் முடியும். நல்ல வருணனையாளருக்கு இலக்கணம் இதுதான்: கண்டதைச் சொல்லவேண்டும், காணாததைக் காணவில்லை என்று சொல்லவேண்டும், எங்கே, யார், எந்த நிலையில் என்னும் மூன்றையும் அடிக்கடி திரும்பச் சொல்லவேண்டும். இடையில் வந்து சேர்ந்த நேயருக்கும் களம் விளங்கவேண்டும். மௌனம் வேண்டிய இடத்தில் வாயை மூடி, எஞ்சினின் உறுமலையோ கூட்டத்தின் ஆரவாரத்தையோ பேசவிடவேண்டும்.

கேட்பவருக்கும் கடமை உண்டு. அரைகுறையாகக் காதில் விழுந்ததை உடனே பிறருக்கு அனுப்பிவிடக் கூடாது. இணைய ஒலி பிந்தி வருவது. அதற்குள் களத்தில் நிலைமை மாறியிருக்கும். ஓர் அறிவிப்பைக் கேட்டால் அடுத்த அறிவிப்பு வரும் வரை பொறுத்திருப்பது நல்லது.

அலை வழியாக வந்தாலும் கம்பி வழியாக வந்தாலும், கேட்பவர் மனத்தில் காட்சியை வரைவது மனிதக் குரலே. இயந்திரம் அக்குரலைச் சுமந்து வரும். அதற்கு உண்மையையும் தெளிவையும் ஊட்டுவது பேசுபவர் கையில் இருக்கிறது. சென்னைக் கிரிக்கெட் வருணனையில் நம் முன்னோர் கேட்டுப் பழகிய அத்தெளிவு, அடுத்த தை மாதம் ஒரு சிற்றூரில் செல்பேசியை முன்வைத்துப் பேசப்போகும் இளைஞருக்கும் வாய்க்குமானால், நம் ஊர் மண்ணின் ஓட்டத்தையும் உலகம் காதாரக் காணும்.