கோட்டைக்குள் ஒரு காலை

தகவல் துளி.

தோப்பூரிலிருந்து மூதூர், கிண்ணியா வழியாகத் திருகோணமலைக்குப் போகும் நேயர்களே! 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு, படகுக்குக் காத்திருந்த காலம் போய்விட்டது. மிச்சமாகும் நேரத்தில் ஒரு காலைப்பொழுதை அங்குள்ள பிரெடெரிக் கோட்டைக்கு ஒதுக்குங்கள்.

1622இல் கோணேசர் ஆலயத்தை இடித்த போர்த்துக்கேயர், அதன் கற்களைக் கொண்டே இந்தக் கோட்டையைக் கட்டினார்கள். 1639இல் அது ஒல்லாந்தர் கைக்குப் போனது. 1795இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். வாயிலைக் கடக்கும்போது சற்று நின்று கவனியுங்கள்: இரட்டைக் கயல் பொறித்த பழைய தமிழ்க் கல்வெட்டு சுவரிலேயே பதிந்திருக்கிறது. உள்ளே புள்ளிமான்கள் உலவும். வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் பிரபு, இளம் படை அதிகாரியாகத் திருகோணமலைக்கு வந்தபோது தங்கிய வீடு என்று சொல்லப்படும் கட்டடமும் அங்கே உண்டு. மேலே ஏறினால், மீண்டும் கட்டப்பட்ட கோணேசர் ஆலயம்; அதன் கீழே ஆழ்கடல்.

கோட்டை படையினரின் பொறுப்பில் இருப்பதால், படம் எடுக்குமுன் அனுமதி கேளுங்கள். ஆலயத்துக்குள் செல்வதாயிருந்தால் அடக்கமான உடை அவசியம். மான்களுக்குப் பொலித்தீன் பையோடு தீனி போடாதீர்கள்.

திரும்பும் வழியில் பாதையோரக் கடைகளில் விலை பேசி வாங்கலாம். சங்கு, சிப்பி வாங்குவோர் மட்டும் கவனம்: பவளப்பாறைத் துண்டுகளும் கடலாமை ஓட்டுப் பொருட்களும் சட்டப்படி தடைசெய்யப்பட்டவை. அவற்றை யார் நீட்டினாலும் வாங்காதீர்கள்.