கிக்கரை மிதிச்சா மட்டும் போதுமா?

செமஸ்டர் பிராக்டிகல் அன்னிக்குப் பாதி வழியில படுத்துடுச்சு, அப்பாவோட 100 சிசி பைக். கிக்கரை உதைச்சு உதைச்சுக் கால் கழண்டதுதான் மிச்சம். வேர்த்து விறுவிறுத்து மெக்கானிக் கடைக்குத் தள்ளினா, அண்ணன் பிளக்கைக் கழட்டினார், உப்புத்தாள்ல தேய்ச்சார், மாட்டினார். ரெண்டே நிமிஷம்! பிராக்டிகல் அதுக்குள்ள முடிஞ்சிருந்தது. கொடுத்த காசு கூட வலிக்கலை பாஸ்... முட்டிக்குப் பக்கத்துலயே இருந்த வேலை தெரியாமப் போச்சேன்னுதான் கடுப்பு.

இன்ஜினுக்கு வேண்டியது மூணே மூணு: பெட்ரோல், காத்து, கரன்ட். டேங்க்ல பெட்ரோல் இருக்கா, காக் திறந்திருக்கா? அடுத்தது பிளக். முனை காப்பித்தூள் நிறத்துல இருந்தா ஆரோக்கியம். கரி அப்பியிருந்தா பெட்ரோல் அதிகம், இல்லேன்னா ஏர் ஃபில்டர் அடைப்பு. வெளுத்திருந்தா காத்து அதிகமாகி இன்ஜின் சூடாகுதுன்னு அர்த்தம். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வாரே, அதே கதைதான்.

இதெல்லாம் தெரிஞ்சதும் ஞாயித்துக்கிழமை நானே களத்துல இறங்கினேன். பிளக்கை எடுத்த எடுப்புல ஸ்பேனர் போட்டு முறுக்க, அலுமினிய ஹெட்ல மரை காலி! வீட்டுல எனக்குத்தான் மரை கழண்டிருக்குன்னு முடிவே பண்ணிட்டாங்க. லேத் பட்டறையில புஷ் போட்டு வர நாலு நாள். அந்த நாலு நாளும் அப்பா பஸ்லதான் வேலைக்குப் போனார். திட்டவே இல்லை. அதுதான் தாங்கலை.

அடுத்த ஞாயிறு டார்ச்சோட வந்து பக்கத்துல குத்த வெச்சு உட்கார்ந்தார். "இந்தத் தடவை கையாலயே சுத்துடா." பிளக் கையாலயே கடைசி வரைக்கும் போகணும், ஸ்பேனர் கடைசி அரைச் சுத்துக்கு மட்டும்தான்.

2020 ஏப்ரல்ல பிஎஸ்6 வந்ததுக்கப்புறம் புது பைக்குகள்ல பெரும்பாலும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்தான். கார்புரேட்டர் குடையுற சுகம் அதுல கிடையாது. ஆனா செயின், ஏர் ஃபில்டர், பிளக் எல்லாம் இன்னும் நம்ம கைக்கு எட்டுற தூரத்துலதான் இருக்கு. வீட்டு மூலையில பழைய வண்டி தூங்குதா? நீங்க லக்கி!

ரொம்ப நாள் நின்ன வண்டின்னா முதல் சந்தேகம் கார்புரேட்டர் பைலட் ஜெட் மேலதான். பெட்ரோல் பிசினா படிஞ்சு அடைச்சிருக்கும். கம்பி விட்டுக் குத்தாதீங்க, பித்தளை ஓட்டை பெருசாயிடும். கிளீனர் அடிச்சு ஊதுங்க.

போன வாரம் அப்படித்தான் ஒண்ணை ஊதி வெயில்ல தூக்கிப் பிடிச்சேன். அப்பா வாங்கி, ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பார்த்தார்.

"வெளிச்சம் தெரியுதுடா. மாட்டு!"