மியூவோன் காட்டும் உட்புறம்

எக்ஸ் கதிர் கை எலும்பைக் காட்டும். திருகோணமலையின் கோணேசர் மலைப் பாறையை அதனால் ஊடுருவ முடியாது. மியூவோன்கள் ஊடுருவும்.

அண்டக் கதிர்கள் வளிமண்டலத்தின் அணுக்கருக்களுடன் மோதுவதால் மியூவோன்கள் தோன்றுகின்றன. இலத்திரனைப் போல் ஏறத்தாழ 207 மடங்கு திணிவுடைய இவை எளிதில் தடைப்படுவதில்லை. எனினும் பாறையின் தடிப்பு கூடக்கூட வெளிவரும் எண்ணிக்கை குறையும். இவ்வேறுபாட்டைக் கொண்டு 2017இல் எகிப்தின் கூபு பிரமிட்டினுள் குறைந்தது 30 மீற்றர் நீளமான வெற்றிடம் கண்டறியப்பட்டது.

மியூவோன் மின்னேற்றமுடையது. எனவே இடிமுகிலின் மின்புலம் அதன் சக்தியை மாற்றும். 2014 டிசெம்பர் 1இல் தமிழ்நாட்டின் ஊட்டியிலுள்ள கிரேப்ஸ்-3 ஆய்வுகூடத்தில் மியூவோன் எண்ணிக்கை குறைந்தது. அக்குறைவிலிருந்து முகிலின் அழுத்த வித்தியாசம் ஏறத்தாழ 130 கோடி வோல்ற்று எனக் கணிக்கப்பட்டது.

வினா: கோணேசர் மலையினுள் பெரிய குகை இருப்பின், அத்திசையில் மியூவோன் எண்ணிக்கை எவ்வாறு மாறும்?
விடை: கூடும். தடுக்கும் பாறை அங்கு குறைவு.