காருக்கு எது நிலை?

மதுரையில் நாள் வாடகைக்கு வீடு விடுவோரும், வந்து தங்குவோரும் தெரிந்துகொள்ள வேண்டியவை

மதுரையில் சித்திரைத் தேரோட்டம் நடக்கிறது. சுந்தரேசுவரர் பெரிய தேரிலும், மீனாட்சி அம்மன் சிறிய தேரிலும் நான்கு மாசி வீதிகளையும் சுற்றி வருகிறார்கள். பிறகு தேர் எங்கே போகிறது? கீழமாசி வீதியில் உள்ள தேர்முட்டிக்குப் போகிறது.

"தேர் நிலைக்கு வந்துவிட்டது" என்று சொல்லி, ஜனங்கள் நிம்மதியாக வீடு திரும்புகிறார்கள்.

சாமியின் தேருக்கே நிற்பதற்கு ஓர் இடம் குறித்து வைத்தார்கள் நம் முன்னோர். சாமி கும்பிட வருகிறவரின் காருக்கு எது நிலை?

வீட்டை நாள் வாடகைக்கு விடுகிறவர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.

வீடே விடுதி

முன்பெல்லாம் மதுரைக்கு வருகிறவர்கள் சத்திரத்தில் தங்கினார்கள். அல்லது லாட்ஜில் அறை எடுத்தார்கள். இப்போது முழு வீட்டையே இரண்டு நாள், மூன்று நாள் வாடகைக்கு எடுக்கிறார்கள்.

இதில் சௌகரியம் உண்டு. பாட்டி முதல் பேரன் வரை ஒரே கூரையின் கீழ் தங்கலாம். குழந்தைக்குப் பால் காய்ச்சலாம். வீட்டுக்காரருக்கும் நாலு காசு கிடைக்கிறது.

ஆனால் கோவிலைச் சுற்றியுள்ள பழைய வீடுகள் பலவற்றில் கார் நிறுத்த இடம் இல்லை. வாசற்படி நேராகத் தெருவில் இறங்குகிறது.

ஏன் இடம் இல்லை?

மதுரை தாமரைப்பூப் போன்ற ஊர். நடுவில் கோவில். அதைச் சுற்றிச் சித்திரை வீதிகள். பிறகு ஆவணி மூல வீதிகள். பிறகு மாசி வீதிகள். கடைசியில் வெளி வீதிகள்.

வெளி வீதிகள் இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் கோட்டையும் அகழியும் இருந்தன. 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் துரை கோட்டை மதிலை இடித்தார், அகழியைத் தூர்த்தார். ஊர் வெளியே வளர்ந்தது.

பெரிய வீதிகள் சாமி ஊர்வலத்துக்காக அகலமாக விடப்பட்டவை. அவற்றுக்கு இடையே உள்ள சந்துகள் மனிதர் நடக்க ஏற்பட்டவை. அந்தக் காலத்தில் கார் ஏது?

வண்டிகளுக்கு வேறு ஏற்பாடு இருந்தது. அதன் பெயர் வண்டிப்பேட்டை. மாட்டை அவிழ்த்துக் கட்டி, வண்டியை அங்கே விட்டுவிட்டு ஊருக்குள் நடந்து போவார்கள். 1920-ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிச் சட்டம், வண்டிப்பேட்டை அமைக்கவும் அதற்குக் கட்டணம் வாங்கவும் நகராட்சிகளுக்கு அதிகாரம் கொடுத்தது.

மாட்டு வண்டி போய்விட்டது. கார் வந்துவிட்டது. ஆனால் "வண்டியை வெளியே விட்டு, நடந்து போ" என்ற பழக்கம் மட்டும் மறந்துவிட்டது!

இரவு பதினோரு மணி

ஒரு குடும்பம் திருநெல்வேலியிலிருந்து காரில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏழு பேர், கூட ஒரு டிரைவர். இரவு பதினோரு மணிக்குச் சந்து முனையில் வந்து நிற்கிறார்கள்.

"அண்ணே, வண்டியை எங்கிட்டு விடுறது?" என்று டிரைவர் போனில் கேட்கிறார்.

"அப்படியே ஓரமா விட்டுட்டு வாங்கண்ணே. ஒண்ணும் ஆகாது" என்கிறார் வீட்டுக்காரர்.

அந்த ஓரம் யாருடைய ஓரம்? பக்கத்து வீட்டு வாசல்! விடியற்காலையில் பால்காரர் சைக்கிள் நுழையவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவருக்குத் திடீரென்று நெஞ்சு வலி வந்தால் 108 ஆம்புலன்ஸ் எப்படி உள்ளே வரும்? தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி எப்படி வரும்?

"ஒண்ணும் ஆகாது" என்று சொன்னவர், அப்போது என்ன பதில் சொல்வார்?

சட்டம் என்ன சொல்கிறது?

வீடு உங்களுடையது. தெரு எல்லாருடையது. நீங்கள் வாடகைக்கு விடுவது வீட்டைத்தான், தெருவை அல்ல.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, மற்றவர்களுக்கு ஆபத்தோ இடையூறோ உண்டாகும்படி பொது இடத்தில் வண்டியை நிறுத்தக் கூடாது. அப்படி நின்றால் போலீசார் இழுத்துச் செல்லலாம். செலவு வண்டிக்காரர் தலையில்!

2017-ஆம் ஆண்டு வந்த வாகனம் ஓட்டும் விதிமுறைகள் இன்னும் தெளிவாகச் சொல்கின்றன. நடைபாதையில் நிறுத்தக் கூடாது. பிறர் வீட்டு வாசலை மறித்து நிறுத்தக் கூடாது. நிற்கிற வண்டியை ஒட்டி இன்னொரு வண்டியை நிறுத்தக் கூடாது.

வீட்டுக்காரர் செய்ய வேண்டியவை

முதலாவது, முன்பணம் வாங்குமுன் உண்மையைச் சொல்லிவிடுங்கள். "வீட்டில் கார் நிறுத்த இடம் இல்லை. இன்ன இடத்தில் நிறுத்தலாம். அங்கிருந்து வீட்டுக்கு இத்தனை நிமிஷம் நடை" என்று சொல்லுங்கள். இதைக் கேட்டு ஒருவர் வராமல் போகலாம். பரவாயில்லை. வந்த பிறகு சண்டை போடுவதைவிட, வராமல் இருப்பது இருவருக்கும் நல்லது.

இரண்டாவது, ஓர் இடத்தைத் தேடி வையுங்கள். வடக்கு ஆவணி மூல வீதியில், பழைய காய்கறி மார்க்கெட் இருந்த இடத்தில், மாநகராட்சி கட்டிய பல அடுக்கு வாகன நிறுத்தம் இருக்கிறது. அது ஒரு வழி. பக்கத்தில் காலி மனை வைத்திருப்பவரிடமோ, கார் நிறுத்த இடம் மீதியுள்ள லாட்ஜ்காரரிடமோ மாதக் கணக்கில் பேசி வைப்பது இன்னொரு வழி.

செலவு ஆகுமே என்று பயப்பட வேண்டாம். மாதம் 3,000 ரூபாய்க்கு ஓர் இடம் பேசியதாக வைத்துக்கொள்வோம். மாதத்தில் 15 நாள் விருந்தாளி கார் நின்றால், நாளுக்கு 200 ரூபாய்தான். இதை வாடகையோடு சேர்த்து, முன்கூட்டியே சொல்லி வாங்கலாம். பேச்சை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, இறங்கும் இடத்தைக் குறித்துக் கொடுங்கள். முதியவர்களையும் பெட்டிகளையும் சந்து முனையில் இறக்கிவிட்டு, காரை உடனே நிறுத்துமிடத்துக்குக் கொண்டு போகட்டும். தெருமுனை ஆட்டோக்காரர் ஒருவரின் போன் நம்பரை வாங்கி வைத்திருங்கள். மூட்டுவலிப் பாட்டிக்கு அவரே துணை.

நான்காவது, திருவிழாக் காலத்தில் அதிக ஜாக்கிரதை தேவை. சித்திரைத் திருவிழாவில் போலீசார் போக்குவரத்தை மாற்றி அறிவிப்பார்கள். அந்த அறிவிப்பைப் படித்து, வருகிறவருக்கு முதல் நாளே தெரிவியுங்கள். கோவிலை ஒட்டிய சித்திரை வீதிகளில் சாதாரண நாளிலேயே வண்டிகளை விடுவது இல்லை. வெளியூர்க்காரருக்கு இது தெரியாது.

டிரைவருக்கும் தூக்கம் உண்டு

காருக்கு இடம் தேடுகிறவர்கள் டிரைவரை மறந்துவிடுகிறார்கள். அவர் எங்கே படுப்பார்? எங்கே குளிப்பார்?

பல டிரைவர்கள் காருக்குள்ளேயே தூங்குகிறார்கள். மூடிய இடத்தில் எஞ்சினை ஓடவிட்டு, ஏ.சி. போட்டுத் தூங்குவது உயிருக்கே ஆபத்து. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

டிரைவருக்கு ஒரு பாயும், தலையணையும், குளிக்க ஒரு வாளித் தண்ணீரும் கொடுங்கள். மறுநாள் ஒரு குடும்பத்தின் உயிர் அவர் கையில் இருக்கிறது.

வருகிறவர்கள் செய்ய வேண்டியவை

வீடு பேசும்போதே "கார் எங்கே நிற்கும்?" என்று கேளுங்கள். எத்தனை வண்டி வரும், வேனா காரா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். கண்ணாடியின் உள்புறம் உங்கள் போன் நம்பரை எழுதி வையுங்கள். இரவில் யாராவது வழி கேட்டால், உடனே எழுந்து வந்து எடுங்கள்.

கார் பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்றால், அண்ணா நகர், கே.கே. நகர் போன்ற பகுதிகளில் கார் ஷெட் உள்ள வீடாகப் பாருங்கள். அங்கிருந்து ஆட்டோவில் கோவிலுக்குப் போய்வரலாம்.

ஜப்பானில் எப்படி?

ஜப்பானில் 1962-ஆம் ஆண்டு ஒரு சட்டம் செய்தார்கள். நகரங்களில் கார் வாங்குகிறவர், அதை நிறுத்த இடம் இருக்கிறது என்று போலீசில் சான்று பெற வேண்டும். அந்த இடம் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். தெருவைக் காட்டி "இதுதான் இடம்" என்று சொல்ல முடியாது!

நம் ஊரில் இந்தச் சட்டம் இல்லை. ஆனால் வீட்டை வாடகைக்கு விடுகிறவர் தமக்குத் தாமே இப்படி ஒரு சட்டம் செய்துகொள்ளலாம் அல்லவா?

பக்கத்து வீட்டுக்காரர்

விருந்தாளி இரண்டு நாளில் போய்விடுவார். பக்கத்து வீட்டுக்காரர் என்றும் இருப்பார். நாள் வாடகைக்கு வீடு விடுமுன் அவரிடம் போய், "அண்ணே, உங்க வாசலில் எந்த வண்டியும் நிற்காது. நின்றால் எந்நேரமும் என்னைக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வாருங்கள். சொன்னபடி நடந்தும் காட்டுங்கள்.

வீட்டுக்கு வந்தவரை வரவேற்பது தமிழர் பண்பு. வந்தவரின் வண்டிக்கு நிழல் தேடித் தருவதும் அந்தப் பண்பிலே சேர்ந்ததுதான். அந்த நிழல் அடுத்தவர் வாசலாக இருக்கக் கூடாது. அவ்வளவுதான்!